பெங்களூரை விட்டுக் கோரமண்டலுக்கு

பட்டணத்தில் வாடகை வீட்டில் குடியிருந்து சிறு பிள்ளைகளை வளர்த்துவரும் நம் சபைக் குடும்பங்கள் பலவற்றில் ஒரு கேள்வி அடிக்கடி எழும்புகிறது. "இந்த நகரத்தை விட்டுச் சிறிய ஊர் ஒன்றுக்குப் போய்விட்டால் என்ன?" என்பதே அக்கேள்வி. வாடகை உயரும்போதும், பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டிருக்கும் இரவில் வாகன நெரிசலில் மாட்டிக்கொள்ளும்போதும் இது எழும்பும். மறுநாள் காலையில் வேலைக்கு ஓடும் அவசரத்தில் அடங்கிவிடும். எங்கள் வீட்டில் அது அடங்கவில்லை. 2022ஆம் ஆண்டு மே மாதத்தில் நானும் என் மனைவியும் இரண்டு பிள்ளைகளோடு பெங்களூரை விட்டுக் கோலார் தங்கவயலிலுள்ள கோரமண்டலுக்குக் குடிபெயர்ந்தோம். அதனால் பெற்றதையும் இழந்ததையும் உள்ளபடியே எழுதும்படி சிலர் கேட்டுக்கொண்டதால் இதை எழுதுகிறேன். எல்லாக் குடும்பங்களும் இப்படிச் செய்யவேண்டும் என்று நான் கூறவில்லை. எங்களுக்கே இரண்டு முறை திரும்பிப்போகும் எண்ணம் வந்தது.

பெங்களூரில் நாங்கள் குடியிருந்தது கிருஷ்ணராஜபுரத்தை அடுத்த ஒரு தெருவில், இரண்டாம் மாடியில், ஒரே படுக்கையறை கொண்ட வீடு. வாடகை 13,000 ரூபாய். அந்நகரின் வழக்கப்படி பத்து மாத வாடகை முன்பணம். கோடையில் தண்ணீர் லாரிக்கென்று தனியாகக் கொடுக்கவேண்டும். என் மனைவி ஒரு மழலையர் பள்ளியில் ஆசிரியை. அவள் சம்பளத்தில் பெரும்பங்கு வாடகைக்கே போய்விடும். மகனுக்கு அப்போது ஆறு வயது. மூன்றாம் வயது முதலே இழுப்பு உண்டு. மகளுக்கு இரண்டு வயது. வாகனப் புகையிலிருந்து பையனை விலக்கி வைத்தால் நல்லது என்று மருத்துவர் ஒருமுறை சொன்னார். அதைக் கேட்டதும், எங்களுக்கு ஊர் ஒன்று இருக்கிறதே என்று எனக்குத் தோன்றியது.

தாத்தா நடந்த வழி

நான் பிறந்தது கோரமண்டலில். ஆகையால் எனக்கு இது ஊர் திரும்புதல். என் மனைவி பிறந்து வளர்ந்ததோ பெங்களூர் லிங்கராஜபுரத்தில். அவளுக்கு இது அறியாத ஊருக்குப் புறப்படுதல். நகோமி பெத்லெகேமுக்குத் திரும்பினாள். ரூத்தோ திரும்பவில்லை, அவள் புதிதாகப் போனாள். ஒரே வண்டியில் ஏறிய இருவரின் பயணமும் ஒன்றல்ல என்பது புறப்பட்டபோது எனக்கு விளங்கவில்லை.

தங்கவயல் என்ற ஊரே இடம்பெயர்ந்தவர்களால் உண்டானது. 1880களில் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் என்ற ஆங்கிலேய நிறுவனத்தின் நிர்வாகத்தில் இங்கே தங்கச் சுரங்கங்கள் பெரிய அளவில் இயங்கத் தொடங்கின. அக்காலத்தில் வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து ஏழை ஜனங்கள் மூட்டை முடிச்சுகளோடு வந்தார்கள். பஞ்சமும் பண்ணையடிமைத்தனமும் அவர்களைத் துரத்தின. மூங்கில் தட்டிகளால் அடைத்த சிறு குடிசைகளில் அவர்கள் குடியமர்த்தப்பட்டார்கள். அந்தக் குடியிருப்புகளை இன்றைக்கும் "லைன்" என்றே அழைக்கிறோம். சாம்பியன் ரீஃப், நந்திதுர்க், பாலகாட், கோரமண்டல் என்று சுரங்கங்களின் பெயர்களே ஊர்ப் பெயர்களாயின. பங்காருப்பேட்டையிலிருந்து மாரிகுப்பம் வரைக்கும் 1894இல் ரயில் பாதை போடப்பட்டது. சிவசமுத்திரத்தில் காவிரி நீரால் உண்டாக்கிய மின்சாரம் சுமார் 147 கிலோமீட்டர் கம்பிவழியே 1902இல் இவ்வூருக்கு வந்து சேர்ந்தது. பெங்களூர்த் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது அதற்கு மூன்று ஆண்டுகள் கழித்து, 1905இல். இதை நான் பெங்களூர்க்காரர்களிடம் சொல்லாமல் விடுவதில்லை. எங்கள் ஊர்க்காரர் ஒவ்வொருவருக்கும் இந்தச் சிறு பெருமை உண்டு.

பெருமையோடு துயரமும் உண்டு. சாம்பியன் ரீஃப் சுரங்கம் பூமிக்குக் கீழே ஏறக்குறைய 3.2 கிலோமீட்டர் ஆழம் போனது. பாறை வெடிப்பில் மாண்டவர்கள் அநேகர். மாளாமல் மேலே ஏறி வந்தவர்களில் பலர் பாறைத்தூளைச் சுவாசித்துச் சுவாசித்து நுரையீரல் கல்லாய்ப் போகும் சிலிகோசிஸ் என்னும் வியாதியால் இளைத்துப்போனார்கள். என் தகப்பனாரும் அவர்களில் ஒருவர். இரவில் அவர் தலையணையை நிமிர்த்திச் சாய்ந்து உட்கார்ந்தபடியே உறங்குவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். இதை இங்கே குறிப்பிடக் காரணம் இருக்கிறது, பின்னால் சொல்லுகிறேன்.

சுரங்கங்களை 1956இல் மைசூர் அரசு எடுத்துக்கொண்டது. 1962இல் அவை மத்திய அரசின் கைக்குப் போயின. 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் உண்டானது. 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கங்கள் மூடப்பட்டன. அப்போது நான் பதினைந்து வயதுப் பையன். ஷிப்டுக்கு அழைக்கும் சங்கு அதற்குப்பின் ஊதவில்லை. சங்கொலியைக் கேட்டே அடுப்பில் உலை வைத்துப் பழகிய என் தாயார் பல மாதங்கள் வரைக்கும் அந்தந்த நேரத்தில் வாசலுக்கு வந்து நின்றதை நான் கண்டிருக்கிறேன்.

அதன்பிறகு எங்கள் தலைமுறைக்கு ரயில்தான் சுரங்கமாயிற்று. தாத்தா தினந்தோறும் கூண்டில் ஏறிக் கீழே இறங்கினார். பேரப்பிள்ளைகள் தினந்தோறும் ரயிலேறிப் பெங்களூருக்குப் போனோம். இன்றும் விடியுமுன் மாரிகுப்பத்திலிருந்து புறப்படும் வண்டி சாம்பியன், ஊரிகாம், கோரமண்டல், பெமல் நகர் என்று ஒவ்வொரு நிலையத்திலும் ஆட்களை வாரிக்கொண்டு பங்காருப்பேட்டைக்கும், அங்கிருந்து பெங்களூருக்கும் செல்கிறது. காவலாளி, செவிலியர், தையல் வேலைக்காரர், கணினி முன் உட்காருகிறவர் என்று எல்லா வேலைக்காரரும் அதில் உண்டு. இந்தப் போக்குவரத்தின் அலுப்பைத் தாங்காமல் திருமணத்திற்குப்பின் பெங்களூரிலேயே தங்கிவிட்டவர்களில் நானும் ஒருவன்.

புறப்பட்டது எப்படி

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து ரயில்கள் நின்றபோது, கணக்கு எழுதும் என் வேலையை வீட்டிலிருந்தே செய்யலாம் என்று அலுவலகத்தில் கூறினார்கள். நாங்கள் நான்கு மாதங்கள் என் தாயாருடன் கோரமண்டலில் தங்கினோம். அந்த நான்கு மாதங்களும் ஆகஸ்டு முதல் நவம்பர் வரை. மழை பெய்து, காற்று குளிர்ந்து, சுரங்க மேடுகளில்கூடப் பச்சை தெரிகிற காலம். மகனுக்கு ஒருநாளும் இழுப்பு வரவில்லை. மருந்து டப்பாவைத் தேடவேண்டிய அவசியமே இருக்கவில்லை. நான் அதை ஒரு அடையாளமாக எடுத்துக்கொண்டேன். அடையாளம் கேட்பதிலும் அதைப் புரிந்துகொள்வதிலும் நம்மவர்கள் அவசரப்படுகிறோம் என்று பின்பு போதகர் ஐயா ஒருமுறை பொதுவாகச் சொன்னார்கள். அது என்னைக் குறித்தே சொல்லப்பட்டதுபோல் இருந்தது.

என் மனைவி உடனே சம்மதிக்கவில்லை. "உங்களுக்கு அங்கே எல்லாரையும் தெரியும். எனக்கு உங்க அம்மாவை மட்டும்தான் தெரியும்" என்றாள். அவள் தாயார் இருப்பது லிங்கராஜபுரத்தில். அவள் ஞானஸ்நானம் பெற்ற சபையும் அங்கேதான். ஞாயிறு பள்ளியில் பதினொரு ஆண்டுகள் பிள்ளைகளுக்குக் கற்பித்திருந்தாள். இவற்றையெல்லாம் விட்டுவிடும்படி கேட்கிறேன் என்பதை நான் வாடகைக் கணக்குக் காகிதத்தைக் காட்டி மறைக்கப் பார்த்தேன். ஒரு வருடத்திற்குமேல் ஜெபித்தோம், பேசினோம், சில நாட்கள் பேசாமலும் இருந்தோம். முடிவில் அவள் ஒரு நிபந்தனை சொன்னாள். பெங்களூரில் திரும்பக் கிடைக்கிற பத்து மாத முன்பணத்தை வேறு எதற்கும் தொடக்கூடாது. திரும்பிவர நேர்ந்தால் அதுதான் எங்கள் வழிச்செலவு. அந்த 1,30,000 ரூபாயை வங்கியில் போட்டோம். அவளுடைய இந்த ஒரு யோசனை எங்களை எவ்வளவு காப்பாற்றியது என்பதைப் பின்னால் கண்டுகொண்டேன்.

வீடு தேடியபோது ஒன்றைக் கவனிக்கவேண்டியிருந்தது. சுரங்க நிறுவனம் கட்டிய குடியிருப்புகளில் பழைய தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறையாக வாழ்கின்றன. அவற்றுள் பல வீடுகளுக்கு உரிமைப் பத்திரம் என்பது நெடுங்கால இழுபறி. என் தாயார் வாழும் வீடும் அத்தகையதே. அதில் பணம் போட்டு அறை சேர்த்துக் கட்டலாம் என்று உறவினர் கூறினார்கள். பத்திரமில்லாத இடத்தில் கட்டவேண்டாம் என்று நாங்கள் தீர்மானித்து, ரயில் நிலையத்துக்கு நடக்கும் தூரத்தில் தனியார் வீடு ஒன்றை 4,500 ரூபாய் வாடகைக்கு எடுத்தோம். இரண்டு அறைகள், பின்னால் துணி உலர்த்தும் முற்றம், ஒரு முருங்கை மரம். பெங்களூரில் என் மகளுக்கு மண் என்பது பூத்தொட்டிக்குள் இருக்கிற பொருள். இங்கே அவள் முதல் வாரம் முழுவதும் முற்றத்தை விட்டு உள்ளே வரவில்லை.

ஆனி, ஆடிக் காற்று

நாங்கள் குடிவந்தது மே மாதக் கடைசி. ஜூனில் காற்று தொடங்கியது.

தங்கவயலைப் பார்த்திராத வாசகர்களுக்கு இதை விளக்கவேண்டும். பாறையை அரைத்துத் தங்கத்தைப் பிரித்தபின் மீந்த தூளை நூறு ஆண்டுகளாகக் கொட்டிக் கொட்டி, ஊரைச் சுற்றிலும் மலைபோன்ற மேடுகள் எழும்பியிருக்கின்றன. தங்கத்தைப் பிரிக்கச் சயனைடு பயன்படுத்தியதால் சயனைட் மேடு என்று ஜனங்கள் சொல்லுவார்கள். 13 மேடுகள், சுமார் 3.3 கோடி டன் தூள் என்பது அரசுக் கணக்கு. அவற்றில் மீந்துள்ள தங்கத்தை எடுப்பதற்காக ஏலம் விடும் யோசனைக்கு 2024இல் கர்நாடக அரசு இணங்கியது. சினிமாக்காரர்களுக்கு அம்மேடுகள் அழகான காட்சி. பலத்த காற்று வீசும் நாளில் அந்த மாவு போன்ற தூள் எழும்பி வீட்டுக் கூரை, குடம், உலர்த்திய துணி எல்லாவற்றின்மேலும் படியும். நாங்கள் சிறு வயதில் அதில் சறுக்கி விளையாடினவர்கள். அதைக் குறித்து எனக்குப் பயமே இருந்ததில்லை. ஊரடங்குக் காலத்து நான்கு மாதங்களும் மழையும் குளிரும் கலந்த மாதங்களாய் இருந்தபடியால், அந்தக் காற்றை நான் மறந்தேபோனேன்.

ஜூலை மாதத்தில் ஒரு நள்ளிரவு மகனுக்கு இழுப்பு கண்டது. பெங்களூரில் வந்ததைக் காட்டிலும் கடுமையாக வந்தது. அண்மையிலிருந்த சிறு மருத்துவமனை ஒன்றில் கதவைத் தட்டினோம். இரவில் மருத்துவர் இல்லை. எங்கள் லைனைச் சேர்ந்த ஓர் அண்ணன், ஆட்டோ ஓட்டுகிறவர், எழுந்து வந்து எங்களைக் கோலாரிலுள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். ஏறக்குறைய 30 கிலோமீட்டர். பையன் என் மடியில் சாய்ந்து, தோளை உயர்த்தி உயர்த்தி மூச்சு வாங்கினான். என் தகப்பனார் மூச்சு வாங்கியதும் அப்படியே. இந்த ஊரின் தூள் என் அப்பாவை எடுத்துக்கொண்டது. நானோ கையைப் பிடித்து என் மகனை அதனிடத்திலேயே அழைத்துவந்தேன் என்ற எண்ணம் என்னை உடைத்துப்போட்டது. ஜெபிக்க வாய் வரவில்லை. என் மனைவிதான் அவன் முதுகைத் தடவிக்கொண்டே மெதுவான குரலில் ஜெபித்துக்கொண்டு வந்தாள். என்னைக் குறித்து அவள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு எளிதாய் இருந்திருக்கும்.

நெபுலைசர் வைத்து, இரண்டு நாள் தங்கவைத்து அனுப்பினார்கள். சுரங்கத்துக்குள் பாறையைத் துளைத்தவர்களுக்கு வந்த சிலிகோசிஸ் வேறு, பிள்ளைக்கு வரும் இழுப்பு வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ளவேண்டாம் என்று அங்கிருந்த பெண் மருத்துவர் பொறுமையாய் விளக்கினார்கள். ஆனாலும் எந்தத் தூசியும் இந்தப் பிள்ளைக்கு ஆகாது. காற்றடிக்கும் நாட்களில் வெளியே விளையாட விடாதீர்கள். தடுப்பு மருந்தாகிய இன்ஹேலரை இழுப்பு இல்லாத நாட்களிலும் தவறாமல் கொடுங்கள் என்றார்கள். அந்தக் கடைசி அறிவுரை பெங்களூரிலும் எங்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. பையன் சுகமாயிருக்கிறான் என்று நாங்களே நிறுத்தியிருந்தோம். இத்தகைய பிள்ளைகளையுடைய பெற்றோர் இதைக் கவனிக்கவேண்டும். விசுவாசத்தினால் மருந்தை நிறுத்தினோம் என்று சிலர் சாட்சி சொல்லக் கேட்டிருக்கிறேன். நாங்கள் நிறுத்தியது சோம்பலினாலும் மறதியினாலுமே.

சுரங்கம் நடந்த நாட்களில் சாம்பியன் ரீஃபில் பெரிய மருத்துவமனை ஒன்று இருந்தது. நான் பிறந்தது அதில்தான். சுரங்கத்தோடு அதுவும் மூடப்பட்டது. 2021இல் கொரோனா இரண்டாம் அலையின்போது தன்னார்வலர்கள் கூடி, ஆண்டுக்கணக்கான குப்பையையும் புதரையும் அகற்றி, அக்கட்டடத்தைச் சிகிச்சை மையமாக்கினார்கள். அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டவன், இந்த ஊரில் இரவு இரண்டு மணிக்குப் பிள்ளையை எங்கே கொண்டுபோவது என்று குடிவருமுன் ஒருவரிடமும் கேட்கவில்லை. கேட்டிருக்கவேண்டிய முதற்கேள்வி அதுவே.

அந்த வாரத்தில் திரும்பிப்போவதென்று ஏறக்குறைய முடிவு செய்தோம். முன்பணம் வங்கியில் அப்படியே இருந்தது. போகலாம் என்று நான் சொன்னபோது, முதலில் சம்மதிக்காதவளாகிய என் மனைவி, "ஒரு வருஷம் பார்த்துட்டுப் போகலாங்க. எல்லா மாசத்தையும் பார்க்காம போனா, வந்த மாதிரியே போறோம்" என்றாள். வேறு வீடு பார்த்தோம். மேடுகளுக்குக் காற்றின் போக்கில் இராத இடமாக, பெமல் நகர்ப் பக்கம் மரங்கள் உள்ள தெருவாகத் தேடி, அக்டோபரில் மாறினோம். வாடகை 1,500 ரூபாய் கூடியது. மறுவருடம் ஆடிக் காற்றில் மகனுக்கு லேசான இழுப்பு இரண்டு முறை வந்தது. மருத்துவமனை வரைக்கும் போகவேண்டியிருக்கவில்லை. அதற்குப்பின் இதுவரை பெரிதாய் ஒன்றும் வரவில்லை. கர்த்தருக்கு ஸ்தோத்திரம். இன்ஹேலரையும் நிறுத்தவில்லை.

ரயிலில் போன நேரம்

ஊரடங்கு ஓய்ந்து அலுவலகம் திறந்தபின் வாரத்தில் ஐந்து நாளும் வரவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். காலையில் பிள்ளைகள் எழும்புமுன் போனால் இரவு அவர்கள் உறங்கியபின் வருவேன். சீசன் டிக்கெட்டுக்கு மாதம் சில நூறு ரூபாய்தான் செலவு. அதைச் சொல்லிச் சொல்லி நான் மகிழ்ந்ததுண்டு. பணத்தில் மிச்சமானது பொழுதில் போயிற்று. பெங்களூரில் நெரிசலில் நாளொன்றுக்கு மூன்று மணிநேரம் இழந்தேன். இங்கே ரயிலிலும் காத்திருப்பதிலும் ஐந்து மணிநேரம். பிள்ளைகளோடு இருக்கவேண்டும் என்று சொல்லி ஊர் மாறினவன், பிள்ளைகளை ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் கண்டேன். மகள் ஒருநாள் என் தாயாரிடம், "அப்பா ரயில்லயா தூங்குவாங்க?" என்று கேட்டாளாம்.

ஏழு மாதங்கள் இப்படிப் போனபின் மேலாளரிடம் பேசினேன். மாதக் கணக்கு முடிக்கும் வாரத்தில் நாள்தோறும் வருகிறேன், மற்ற வாரங்களில் மூன்று நாள் வருகிறேன், சம்பளத்தில் குறைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். குறைத்தார்கள், ஒப்புக்கொண்டார்கள். இப்படிக் கேட்கும் வசதி எல்லா வேலையிலும் இல்லை என்பதை அறிவேன். செவிலியருக்கும் காவலாளிக்கும் இது ஆகாது. அத்தகைய வேலையில் இருப்பவர்கள் வாடகை மிச்சத்தை மட்டும் நம்பி ஊர் மாறினால் வீட்டில் தகப்பன் இல்லாத வீடாகிவிடும். 2023இல் மெட்ரோ ரயில் கிருஷ்ணராஜபுரத்தையும் ஒயிட்ஃபீல்டையும் எட்டியபின் நகரத்துக்குள் அலைச்சல் குறைந்தது உண்மை. ஹொசக்கோட்டையிலிருந்து இந்தப் பக்கம் வரும் சென்னை விரைவுச்சாலையும் 2024 கடைசியில் திறந்தது, அது காருள்ளவர்களுக்கானது. எங்களுக்கு ரயில்தான்.

மனைவியின் கணக்கு

ஊர் மாறுவதைக் குறித்து ஆண்கள் எழுதும்போது வாடகை, ரயில், தண்ணீர் என்று எழுதுகிறோம். வீட்டிலிருப்பவளின் நாள் எப்படிப் போகிறது என்பதை எழுதுவதில்லை. என் மனைவிக்குச் சம்பளம் போயிற்று. அதோடு "டீச்சர்" என்று அழைக்கிற நாற்பது பிள்ளைகளும் போனார்கள். கோரமண்டலில் அவள் இன்னாருடைய மருமகள், இன்னாருடைய மனைவி. அவள் பெயரை அறிந்தவர் இல்லை. கடைக்குப் போனால் "யார் வீட்டுப் பொண்ணும்மா நீ?" என்பார்கள். அன்பாகத்தான் கேட்பார்கள். ஆனாலும் நாள்தோறும் அதற்குப் பதில் சொல்லுவது அவளுக்குப் பாரமாயிற்று. மாமியாரும் மருமகளும் ஒரே தெருவில் இருந்தபடியால், மகனுக்கு எண்ணெய் தேய்ப்பது முதல் சாம்பாரில் புளி வரைக்கும் கருத்து வேற்றுமை வந்தது. இரண்டாம் முறையாகத் திரும்பிப்போக நினைத்தது அப்போதுதான்.

அதை மாற்றியது என் யோசனையல்ல. சபையில் ஒரு மூத்த சகோதரி, சுரங்கத்தில் கணவரை இழந்து பிள்ளைகளை ஆளாக்கினவர்கள், ஒருநாள் வீட்டுக்கு வந்து, தன் பேத்திக்கு வாசிக்க வரவில்லை, நீ சொல்லிக்கொடு என்று விட்டுப்போனார்கள். ஒரு பிள்ளை ஐந்தாயிற்று. இப்போது மாலைதோறும் பதினாறு பிள்ளைகள் எங்கள் கூடத்தில் உட்காருகிறார்கள். பழைய சம்பளத்தில் பாதிகூட வருவதில்லை. இன்று அந்தத் தெருவில் "டீச்சர் வீடு" என்றால் எங்கள் வீடு. என்னை "டீச்சர் வீட்டுக்காரர்" என்கிறார்கள்.

எந்த மொழியில் வாசிப்பான்?

பள்ளியைக் குறித்தும் சொல்லவேண்டும். தங்கவயலில் தெருவெல்லாம் தமிழ்தான். ஆனால் ஊர் கர்நாடகத்தில் இருக்கிறது. 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மாநிலத்தின் பள்ளிகளில் கன்னடம் ஒரு பாடமாகக் கட்டாயம். அது நியாயமே; வாழும் மாநிலத்தின் மொழியை அறியாதவன் பேருந்துப் பலகையைக்கூட வாசிக்கமாட்டான், அரசு வேலைக்கும் போகமாட்டான். என் மகன் ஆங்கில வழியில் படிக்கிறான், கன்னடம் வாசிக்கிறான், இந்தியும் உண்டு. தமிழ் எழுத்து மட்டும் பள்ளியில் இல்லை. வீட்டில் தமிழ் பேசுவான்; வாசிக்கத் தெரியாது. பெங்களூரிலும் இதே நிலைமைதான். ஆனால் அங்கே எங்கள் சபையில் பிள்ளைகளுக்கு ஆங்கில வேதாகமத்தைக் கொடுத்துவிடுவார்கள். யாருக்கும் குறை தெரியாது.

இங்கே என் தாயாருக்குக் கண்பார்வை மங்கிவிட்டது. இரவில் வேதம் வாசித்துக் காட்ட ஆள் வேண்டும். "ஏன்டா, இவ்வளவு பெரிய இஸ்கூலுக்குப் போற, பாட்டிக்கு ஒரு அதிகாரம் வாசிக்கத் தெரியாதா?" என்று பேரனைக் கேட்டார்கள். அவனுக்கு வெட்கமாய்ப் போயிற்று. மாலை வகுப்பில் மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து அ, ஆ தொடங்கினான். ஒன்றரை ஆண்டுகள் ஆயின. இப்பொழுது விரலை வைத்து, எழுத்துக் கூட்டி, வம்ச அட்டவணையில் தடுக்கித் தடுக்கி வாசிக்கிறான். பாட்டி அவசரப்படுத்துவதில்லை. தெரிந்த அதிகாரமானால் அவன் முடிக்குமுன் அவர்களே சொல்லிவிடுவார்கள். அப்போது மட்டும் சண்டை வரும்.

சபையின் நிலைமை

பட்டணத்துச் சபையை விட்டுச் சிற்றூர்ச் சபைக்கு வருகிறவர்கள் இங்கே ஆராதனை குறைவாயிருக்கும் என்று நினைக்கக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை இடமிராது, வாரம் முழுவதும் ரயிலில் போனவர்கள் அன்றைக்கு வீட்டில் இருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு வந்து பார்த்தால்தான் ஊரின் நிலை விளங்கும். வயதான தாய்மாரும், வேலைக்குப் போகாத சில சகோதரரும் மட்டும் இருப்பார்கள். வாலிபர் கூட்டம் என்று தனியாய் நடத்துவதற்கு வாலிபர் இல்லை. பெங்களூருக்குப் போனவர்கள் அங்கே நல்ல சபைகளைச் சேர்ந்து ஊழியமும் செய்கிறார்கள். இங்கே மரண வீட்டில் பெட்டி தூக்க ஆள் தேடவேண்டியிருக்கிறது. நான் வாரத்தில் இரண்டு நாள் ஊரில் இருப்பதால் எனக்கு இந்த வேலை வந்து சேர்ந்தது. வயதானவர்களை மருத்துவமனைக்கு அழைத்துப்போவது, ஓய்வூதியப் படிவம் நிரப்புவது, வங்கியில் கையெழுத்துப் போடவைப்பது. பெங்களூர்ச் சபையில் பத்து ஆண்டுகள் இருந்தும் இப்படிப்பட்ட வேலைக்கு யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை. அங்கே அதற்குத் தேவையும் இருக்கவில்லை.

இப்போது பெங்களூரிலுள்ள என் மனைவியின் தங்கை குடும்பமும் ஊர் மாறுவதைக் குறித்துப் பேசுகிறார்கள். 2024 மார்ச்சில் பெங்களூரில் வந்த தண்ணீர்ப் பஞ்சத்தில் அவர்கள் மிகவும் கஷ்டப்பட்டார்கள். இங்கேயும் தண்ணீர் தாராளம் என்று நான் சொல்லவில்லை. குழாயில் சில நாளைக்கு ஒருமுறைதான் வரும், குடிதண்ணீரைக் கேனில் வாங்குகிறோம். டிசம்பர் விடுமுறையில் வந்து ஊரைப் பார்க்கிறோம் என்று எழுதினார்கள். டிசம்பரில் இவ்வூர் மிகவும் அழகாயிருக்கும்; கிறிஸ்துமஸ் நட்சத்திரங்கள் தொங்காத லைன் இராது. என் மனைவி அவர்களுக்குத் தொலைபேசியில் பதில் சொன்னாள்: "டிசம்பர்ல வேண்டாம். ஆடி மாசத்துல வாங்க. பதினைஞ்சு நாள் இருங்க. மாப்பிள்ளை இங்கிருந்தே ரயில்ல வேலைக்குப் போய்ப் பார்க்கட்டும். வீடு தேடுறது அப்புறம்."

சம்மதித்திருக்கிறார்கள். பின்னறையைப் பிள்ளைகள் ஒழித்துக்கொண்டிருக்கிறார்கள். பாய்கள் மட்டும் இன்னும் இரண்டு வாங்கவேண்டும்.